உருளைக்கிழங்கும் கைராசியும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். யூடியூப் பார்த்து, வீட்டில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்கைச் சாக்கில் மண் நிரப்பி பால்கனியில் நட்டேன். முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வந்தது. ஒருநாள் மத்தியானம் பச்சை இலையோடு தலை தொங்கியது, இரண்டொரு நாளில் செத்துவிட்டது. தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு. அதில் ஒன்று பச்சை. அவித்துச் சாப்பிடலாமா? எந்த மண், எந்த உரம், விதைக்கிழங்கு எங்கே கிடைக்கும்? "உனக்குக் கைராசி இல்லைடா" என்கிறார் அம்மா. பாட்டி எஸ்டேட் தோட்டத்தில் இருந்தவர்தான். ஆனால் அவர் போட்டதெல்லாம் மரவள்ளி. குச்சியை நட்டால் தானாக வந்துவிடும். திறமை வேண்டிய பயிர் எதுவும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

அந்தப் பச்சைக் கிழங்கை முதலில் குப்பையில் போடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய உருளையில் சோலனைன் என்ற நஞ்சு கூடியிருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் போகாது.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. உருளை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த செடி. அந்தப் பக்கத்து டிட்டிகாக்கா ஏரியே கடல்மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டரில் இருக்கிறது. பகலில் இலை செய்யும் மாவுச்சத்தை இரவுக் குளிரில்தான் அது கீழே இறக்கிக் கிழங்காகச் சேர்க்கும். அதற்கு இரவில் 15 முதல் 20 டிகிரி வேண்டும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே போவது அபூர்வம். அந்தப் புழுக்கத்தில் செடி சேர்த்த சத்தை மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. கிழங்காகத் திரள வேண்டிய நிலத்தடித் தண்டு திரளாமல் நீண்டுபோய் இன்னொரு தளிராக வெளியே வருகிறது. ஊட்டியில் விளைவதற்கும் செந்தூலில் விளையாததற்கும் இதுதான் காரணம். கேமரன் மலையில், தானா ராத்தாவில், 1,400 மீட்டருக்கு மேல் வீடு இருந்தால் விதைக்கிழங்கு தேடிப் போகலாம். எந்த உரம் என்ற கேள்வியை விடுங்கள். உரம் போட்டு இரவைக் குளிர வைக்க முடியாது.

பச்சை இலையோடு தொங்கியது என்கிறீர்கள். பெரும்பாலும் அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கும். நம்மைப் போன்ற வெப்பமான தாழ்நிலத்தில் உருளைக்கு முதல் எதிரி அது. இனி ஏதாவது செடி அப்படித் தொங்கினால் தண்டை அடியில் அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அறுத்த முனை மட்டும் முங்கும்படி அசைக்காமல் பிடித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அந்த முனையிலிருந்து வெள்ளை இழை ஒன்று கலங்கலாகக் கீழே இறங்கினால் அந்த நோய்தான். சாக்கில் இருக்கும் மண்ணில் மிளகாய், தக்காளி, கத்திரி எதையும் போடாதீர்கள். உருளையோடு சேர்த்து நான்கும் ஒரே குடும்பம், ஒன்றைக் கொன்றது மற்றதையும் கொல்லும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கொஞ்ச காலமாக, தோட்டத்தில் வாழ்ந்த வயதான பெண்களிடம் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் என்னென்ன போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வருகிறது, பாட்டிக்குத் திறமை கிடையாது என்று சொல்லிக்கொண்டு. கோபம் வந்தது தம்பி. நன்றாகவே வந்தது.

எங்கள் தோட்டம் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். என் பாட்டி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மரவள்ளிக்கு இறங்குவார். நுனிக்குச்சியைத் தொட மாட்டார், இளசு மண்ணில் அழுகிவிடும். நடுத்தண்டில் ஒரு சாண் அளவுக்குக் கணுக்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை ஒரே வீச்சாக இறக்குவார். வெட்டுவாய் நசுங்கினாலோ பட்டை பிரிந்தாலோ அந்தத் துண்டை அப்பால் வீசிவிடுவார். கணுவின் மொட்டு மேலே பார்க்கும்படி சாய்த்து நடுவார். தலைகீழாக ஊன்றிவிட்டால் முளைக்கத் தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து மேடு கட்டுவார். அடுத்த நடவுக்கான குச்சிக்கட்டு நிழலில், நின்றபடி இருக்கும். படுக்கப்போட்டால் எங்களுக்கு அடி விழும்.

இது நடவு மட்டும். மரவள்ளியில் சயனைடு உண்டு, தம்பி. கசப்பு ரகமென்றால் அவிப்பது மட்டும் போதாது. மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த பட்டையையும் கத்தியால் நீளவாட்டில் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பி எடுத்து, துண்டாக்கி, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இதில் தவறினால் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழும். நஞ்சுள்ள ஒரு கிழங்கை வைத்து ஒரு குடும்பத்தை வளர்த்த பெண்ணுக்குத் திறமை இல்லையென்றால், யாருக்கு இருக்கிறது?

1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்துகொண்டிருந்த அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. தோட்டத்து ஆண்களைச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. நம்மவர்களில் ஆயிரமாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் 1945 வரை எதைத் தின்று உயிரோடு இருந்தார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? மரவள்ளி தின்று இருந்தார்கள். அதைத் தின்றவர்கள் பிழைத்ததால்தான் நீங்களும் நானும் கடிதம் எழுதிக்கொள்கிறோம். அதன் பிறகு அந்தக் கிழங்கு நமக்கு ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. விருந்தாளி வந்தால் உருளை மசாலா வைக்கிறோம், மரவள்ளியும் நெத்திலிச் சம்பலும் இருந்தால் மூடி மறைக்கிறோம்.

உங்கள் குடும்பத்தில் யாருக்கும் பயிர் தெரியாமல் போனதற்கு ராசி காரணம் இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் கம்பெனிக்குச் சொந்தம். அதில் விளைந்தது மட்டும்தான் நம்முடையது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது வீட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது, வேலைக்கால நஷ்டஈடு பற்றிப் பேச்சு நடந்தது. மரவள்ளி, முருங்கை, வாழை, கோழிக்கூடு நின்ற அந்த மண்ணுக்கு யாரும் ஒரு காசு விலை பேசவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு என்று நம் பக்கத்தில் பேசப் போனவர்களுக்கும் தோன்றவில்லை. பிறகு அடுக்குமாடிக்கு வந்தோம். நட மண் இல்லாத வீட்டில் பாட்டி யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்? மண்ணைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையின் கையைக் குறை சொல்கிறோம். உங்கள் அம்மாவை நான் திட்டவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பதினோராவது மாடியில் மரவள்ளி வேண்டாம், காற்றுக்கு நிற்காது. சர்க்கரைவள்ளி போடுங்கள். பசாரில் கெலேடேக் (சர்க்கரைவள்ளி) கீரைக் கட்டு கிடைக்கும். அதில் தடித்த கொடியாகப் பார்த்து ஒரு முழம் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதிக்கொடி மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து மூடுங்கள். புது மண், அடியில் ஓட்டையுள்ள ஆழமான தொட்டி, நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில், இவை போதும். உரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் மண்டும். சில வாரங்களிலேயே கீரை பறிக்கலாம். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு தோண்டலாம். நம் ஊர் இரவு அதற்கு ஒத்துவரும்.

அதுவரைக்கும் ஒரு வேலை தருகிறேன். அம்மாவோடு உட்கார்ந்து, பாட்டி எந்த ரக மரவள்ளி வைத்திருந்தார், குச்சியை யாரிடம் வாங்கினார், எந்த மாதம் நட்டார், எப்படி அவித்தார், பக்கத்து வீட்டுக்கு எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பதை மறக்காமல் குறியுங்கள்.

அன்புடன்,
அக்கா