ஏழை நாடுகளில் மருத்துவ ஆய்வு: கேளுங்கள், சொல்கிறேன்

வருமானம் குறைந்த நாடுகளில் மருத்துவ ஆய்வை வேரூன்ற வைப்பது எப்படி என்று பலரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால், எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுத் திட்ட நிர்வாகம் என் வேலை. கிராண்ட் (ஆய்வு நிதி) விண்ணப்பம், ஒப்பந்தம், எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) கோப்பு, ஆய்வகக் கொள்முதல், தணிக்கை, இதெல்லாம் தெரியும். நான் மருத்துவர் இல்லை, சிகிச்சை பற்றிக் கேட்காதீர்கள்.

விரிவுரையாளர்: மேடம், எங்கள் கல்லூரியில் வருடம் முழுக்க ஆய்வுமுறைப் பயிற்சி நடக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வருகிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆய்வு மட்டும் நடந்தபாடில்லை. எங்கே கோளாறு?

பதில்: பயிற்சி முடித்தவர் திங்கள்கிழமை காலையில் எங்கே போய் உட்காருகிறார் என்று பாருங்கள், கோளாறு அங்கேதான். பழையபடி புறநோயாளிகள் பிரிவு, மதியம் வகுப்பு, மாலையில் விடைத்தாள். ஆய்வுக்கென்று ஒதுக்கிய நேரமும் கிடையாது, ஆய்வாளர் என்ற பணியிடமும் கிடையாது. கற்றது ஆறு மாதத்தில் மறந்துபோகும். நிதி தருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு பிடிக்கும், ஏனென்றால் தலையை எண்ணி அறிக்கையில் போடலாம், நிதியாண்டுக்குள் முடிந்துவிடும். சம்பளத்தோடு கூடிய நிரந்தரப் பணியிடம் அப்படி முடிகிற சங்கதி இல்லை, அதை அந்த நாட்டு அரசுதான் ஏற்க வேண்டும். 1990-ல் வளர்ச்சிக்கான சுகாதார ஆய்வு ஆணையம் இதைத் தெளிவாகவே சொன்னது: நாட்டின் சுகாதாரச் செலவில் குறைந்தது 2 சதவீதம் ஆய்வுக்கும் ஆய்வுத் திறனுக்கும் போக வேண்டும், வெளிநாட்டு சுகாதார உதவியில் 5 சதவீதம் இதே வேலைக்கு வர வேண்டும். பல நாடுகள் இன்னும் அந்த 2-ஐத் தொடவில்லை.

அப்புறம், ஆய்வாளரைச் சுற்றி ஓர் அலுவலகம் வேண்டும். பிஎச்டி முடித்த ஒருவரை உருவாக்கிவிட்டு, கிராண்ட் கணக்கு எழுதத் தெரிந்தவரை உருவாக்காமல் விட்டால் பணம் வங்கியில் கிடக்கும், பரிசோதனைக்கு வேண்டிய ரீஏஜென்ட் (வேதிப்பொருள்) சுங்கத்தில் கிடக்கும். ஆப்பிரிக்காவில் 2008-ல் தொடங்கிய கார்ட்டா என்ற ஆய்வுப் பயிற்சிக் கூட்டமைப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். மாணவர்கள் தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே பிஎச்டி செய்கிறார்கள், கூடவே அங்குள்ள ஆசிரியர்களுக்கும் நிர்வாக ஊழியர்களுக்கும் பயிற்சி உண்டு.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: புள்ளியியல் தெரிந்தவரைத் தரவு சேகரிக்கும் முன்பே கூப்பிடுங்கள். பிறகு கூப்பிட்டால் அவரால் எதையும் காப்பாற்ற முடியாது.

இறுதியாண்டு மாணவர்: வெளிநாட்டில் பிஎச்டி செய்ய எந்த ஸ்காலர்ஷிப் நல்லது?

பதில்: அது என் துறை இல்லை. உங்கள் துறைத்தலைவரையோ, அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவரையோ கேளுங்கள்.

ஆய்வகத் தொழில்நுட்பர்: மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று நன்கொடையாக வந்தது. இரண்டே வருடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. உள்ளே இருந்த சாம்பிள் எல்லாம் வீண். நாங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் பழி போடுவதற்கு முன்னால் நான்கு விஷயம் கேட்க வேண்டும். ஸ்டெபிலைசர் கொடுத்தார்களா? அந்த அறைக்கு ஏசி உண்டா? ஃப்ரீசர் வெளியே தள்ளுகிற வெப்பத்திலேயே ஒரு சின்ன அறை கொதித்துவிடும், அப்புறம் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். முன்பக்கக் கீழ்த் தட்டைக் கழற்றி ஃபில்டரில் படியும் தூசியைத் துடைக்க யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? சர்வீஸ் ஒப்பந்தத்துக்குப் பட்ஜெட்டில் ஒரு வரியாவது இருந்ததா? நான்குக்கும் இல்லை என்றால் அது உங்கள் தவறு அல்ல.

அடுத்த ஃப்ரீசர் வரும்போது கதவிலேயே ஒரு தாளை ஒட்டி, காலையும் மாலையும் வெப்பநிலையைக் கையால் எழுதி கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், விடுமுறை நாளிலும். அலாரத்தை மட்டும் நம்பாதீர்கள், அதன் பேட்டரி தீர்ந்தது யாருக்கும் தெரியாது. மைனஸ் 78, மைனஸ் 75 என்று எண் மெல்ல நகர்வது தாளில் தெரியும், கம்ப்ரஸர் சாவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே பல நேரம் தெரிந்துவிடும். கதவு ரப்பரில் பனி கட்டினால் அன்றே சுரண்டுங்கள். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டாகப் பிரித்து வேறு வேறு ஃப்ரீசரில் வையுங்கள். காசநோய் பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்கும் இதே கதைதான், அதன் மாட்யூல்களை வருடம் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் வராமல் எந்த இயந்திரத்தையும் வாங்கிக்கொள்ளாதீர்கள், இலவசமாக வந்தாலும்.

பெயர் வேண்டாம்: ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நாற்பது பக்கம். நாளைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். நாளைக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துகிற ஒப்பந்தத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டியது இருக்கும். முதலில் சாம்பிள் எங்கே போகிறது, மிச்சம் யாருடையது, வேறு ஆய்வுக்கு எடுத்தால் உங்களைக் கேட்பார்களா என்று பாருங்கள். தரவின் முழுப் பிரதி உங்கள் கணினியில் இருக்குமா, கட்டுரைக்கு யார் முதல் பெயர், யார் கடைசிப் பெயர் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். ஓவர்ஹெட்டையும், அதாவது நிறுவனத்தை நடத்த ஆகும் மறைமுகச் செலவையும், பாருங்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மறைமுகச் செலவுக்கென்று 50 சதவீதத்துக்கு மேலும் கொடுத்திருக்கிறது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 8 சதவீதம்தான் உச்சவரம்பு. மின்சாரம், கணக்கர் சம்பளம், இணையம் எல்லாம் அந்த 8-க்குள் அடங்காது, அதனால் முடிந்ததையெல்லாம் நேரடிச் செலவாகவே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

பேரம் பேசினால் கோபித்துக்கொள்வார்களே என்று பயப்பட வேண்டாம். 2007-ல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. நாங்கள் கொடுக்கும் வைரஸில் தடுப்பூசி செய்து எங்களுக்கே வாங்க முடியாத விலைக்கு விற்பீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. அன்று கடும் கண்டனம் வந்தது. ஆனால் 2011-ல் மாதிரிகளையும் பலன்களையும் பகிர்வதற்கென்று ஓர் உலக உடன்பாடே வந்தது அதனால்தான்.

காங்கோவையும் பாருங்கள். 1976-ல் யாம்புக்குவில் எபோலா நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தவர் ஜான்-ஜாக் முயெம்பே. பரிசோதிக்க வசதி இல்லாமல் மாதிரி பெல்ஜியம் போனது, கண்டுபிடித்த பெருமையும் நெடுங்காலம் வெளிநாட்டவருக்கே போனது. அதே முயெம்பே தலைமையில் இருந்த கின்ஷாசா நிறுவனம் 2018-ல் என்ஐஹெச்-உடன் இணைப் பொறுப்பேற்று, சண்டை நடந்துகொண்டிருந்த பகுதியிலேயே நான்கு எபோலா மருந்துகளை ஒப்பிடும் பால்ம் சோதனையை நடத்தியது. 2019 ஆகஸ்டில் இரண்டு மருந்துகள் தெளிவாக மேல் என்று தெரிந்தது. அதில் ஒன்று 1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்தவர் ஒருவரின் ஆன்டிபாடியிலிருந்து (நோய் எதிர்ப்பொருள்) பிறந்தது. இடைப்பட்ட நாற்பது வருடமும் ஆளும் ஆய்வகமும் அங்கேயே நிலைத்து நின்றதால்தான் இது நடந்தது.

கணக்குப் பார்ப்பவன்: மன்னிக்க வேண்டும் மேடம், அடிப்படையிலேயே ஒரு கேள்வி. மருந்துக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் காசில்லாத நாட்டுக்கு ஆய்வு எதற்கு? பணக்கார நாடுகள் கண்டுபிடித்ததை எடுத்துப் பயன்படுத்தினால் போதாதா?

பதில்: போதாது. அப்படி எடுத்துப் பயன்படுத்தியதில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது பணக்கார நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உருவான வழக்கம், பிற இடங்களுக்கான வழிகாட்டிகளிலும் ஏறியது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஃபீஸ்ட் சோதனை நடந்தது. 2011-ல் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதத்தை ஒட்டி. ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். நூறு குழந்தைக்கு மூன்று குழந்தை கூடுதலாக இறந்தது. எந்தப் பணக்கார நாட்டிலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, அங்கே வென்டிலேட்டர் இருக்கிறது, மலேரியாவோடும் கடும் ரத்தசோகையோடும் வரும் குழந்தை இல்லை.

கணக்குப் பார்ப்பவன்: சரி, ஆனால் ஃபீஸ்ட் பிரிட்டன் பணத்தில் நடந்தது. நீங்களே உங்கள் வாதத்தை உடைக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்து செய்தால் போதும் என்றுதானே ஆகிறது?

குழந்தை மருத்துவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளியிலிருந்து யாரும் வந்து இரவு இரண்டு மணிக்கு வார்டில் அந்தக் குழந்தையைச் சேர்க்கவில்லை. அங்கிருந்த டாக்டர்களும் நர்ஸ்களும்தான் சேர்த்தார்கள், ஒப்புதல் வாங்கினார்கள், மணிக்கணக்கில் கண்காணித்தார்கள்.

பதில்: டாக்டர் சொல்வது சரி, நான் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். பணம் பிரிட்டனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வெறுங்காட்டில் இறங்கவில்லை. கென்யாவின் கிலிஃபியில் 1989-லிருந்தே ஆய்வு மையம் இயங்குகிறது. இந்த வழக்கம் இங்கே பொருந்துமா என்ற சந்தேகம் அந்த வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் வரும். கேள்வி உள்ளூரில் பிறக்க வேண்டும், அதுதான் ஆய்வுத் திறன். வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான், 1968-ல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். 1971-ல் அகதி முகாமில் திலீப் மகலானாபிஸ் அதைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்தார், 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழே வந்தது.

கணக்குப் பார்ப்பவன்: இரண்டு உதாரணம்தானே. அதற்காக எல்லா நாடும் ஆய்வு செய்ய வேண்டுமா?

பதில்: மூன்றாவது ஒன்று. ஜாம்பியாவின் லுசாக்காவில் செப்சிஸும் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) ரத்த அழுத்தக் குறைவும் சேர்ந்து வந்த பெரியவர்களுக்குப் பணக்கார நாட்டு முறைப்படி ஆரம்பத்திலேயே நிறையத் திரவம் கொடுத்துப் பார்த்தார்கள், 2017-ல் வெளிவந்தது. மருத்துவமனையில் இறந்தவர்கள் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 33. எல்லா நாடும் எல்லா ஆய்வும் செய்ய வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை நம் வார்டில் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் திறன் மட்டும் ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும். நர்ஸ் சம்பளத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை, நூற்றில் 2 என்கிறேன். தீங்கு செய்கிற சிகிச்சைக்கு அந்த நாடுகள் செலவழிப்பதை நிறுத்தினாலே அதில் பெரும்பகுதி மிஞ்சும் என்பது என் கருத்து.

இதை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முதுநிலை மாணவி: எந்த நாட்டில் பிஎச்டி ஸ்காலர்ஷிப் சுலபமாகக் கிடைக்கும் மேடம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

துறைத்தலைவர்: படிக்க அனுப்புகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை. திரும்பி வராவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) எழுதி வாங்கினால் நிற்பார்களா?

பதில்: பாண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் மேசை, ஒரு சிறு ஆய்வு நிதி, ஒரு உதவியாளர், இது மூன்றும் முன்கூட்டியே உறுதியாக இருந்தால் வருவார்கள். அல்லது அனுப்பாமலே செய்யுங்கள்: உகாண்டாவின் மகெரெரே பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவும் 2000-லிருந்து சேர்ந்து செயல்படுகின்றன, மாணவர் சொந்த நாட்டில் தரவு சேகரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் வழிகாட்டி வைத்துப் படிக்கிறார். ஊரில் வேரும் இருக்கும்.

இளநிலை ஆய்வாளர்: ஏழு நாளில் பிரசுரம் என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏழு நாளில் யாரும் ஒழுங்காகப் படித்துத் திருத்தம் சொல்ல முடியாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுகல் ஜர்னல்களில் ஆய்வாளர் கட்டும் கட்டணம் அதிகம்தான், நேச்சர் 2021-ல் 9,500 யூரோ வைத்தது. ஆனால் பல பதிப்பகங்கள் மிக ஏழ்மையான நாடுகளுக்கு முழுத் தள்ளுபடியும் அடுத்த பட்டியல் நாடுகளுக்குப் பாதியும் தருகின்றன, கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. படிப்பதற்கு ஹினாரி இருக்கிறது, ஏழை நாடுகளுக்கு ஜர்னல்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் திட்டம், 2002-லிருந்து. உங்கள் நாடு எந்தப் பட்டியலில் வருகிறது என்று நூலகரைக் கேளுங்கள்.

மற்றொருவர்: எந்த ஜர்னலில் சீக்கிரம் போடலாம்?

பதில்: சீக்கிரம் வேண்டும் என்பதுதான் பிரச்சினையின் தொடக்கம். முந்தைய பதிலைப் படியுங்கள்.

தரவு மேலாளர்: எக்செல் போதுமா?

பதில்: போதாது, யார் எப்போது எதை மாற்றினார் என்று தடம் இருக்காது. தரவு சேகரிக்கும் ரெட்கேப் மென்பொருள் லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு இலவசம், பகுப்பாய்வுக்கு ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். புள்ளியியல் தெரிந்தவரை முதலிலேயே கூப்பிடுங்கள், மேலே சொன்னதேதான்.

திட்ட ஒருங்கிணைப்பாளர்: அமெரிக்கப் பணம் 2025-ல் திடீரென்று நின்றுபோனதில் எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு வேலை போனது. இனி என்ன செய்வது?

பதில்: இதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. 1984-லிருந்து தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் தாய்சேய் நலம் முதல் எல்லாவற்றையும் அமெரிக்கப் பணத்தில் அளந்த டிஹெச்எஸ் என்ற மக்கள்தொகை-சுகாதாரக் கணக்கெடுப்பே அந்த பிப்ரவரியில் நின்றது, மே மாதம் என்ஐஹெச் வெளிநாட்டுத் துணை ஒப்பந்தங்களுக்குப் புதிதாக நிதி தருவதை நிறுத்தியது. உடனே செய்ய வேண்டியது: சேகரித்த தரவையும் ஒப்புதல் படிவங்களையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், சோதனை மருந்தில் இருக்கும் நோயாளிகளின் தொடர் சிகிச்சைக்கு எதிக்ஸ் கமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். நீண்ட காலத்துக்கு, ஒரே நிதியாளரை நம்பி எந்த நிரந்தர வேலையையும் அமைக்காதீர்கள், உங்கள் அமைச்சகத்தின் பட்ஜெட்டில் ஒரு சம்பளமாவது ஏறும் வரை கதவைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

மாவட்ட மருத்துவமனை மருத்துவர்: எங்களிடம் நிதியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் வார்டில் இருக்கும் பதிவேடுகளிலிருந்து. காசநோய்ப் பதிவேட்டை எடுத்து, போன வருடம் சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எந்த மாதத்தில் நின்றார்கள் என்று எண்ணுங்கள். அதற்குக்கூட எதிக்ஸ் அனுமதி வாங்குங்கள். சார்ட்-இட் என்ற பயிற்சி, உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டமும் எல்லைகளற்ற மருத்துவர்களும் காசநோய் ஒன்றியமும் சேர்ந்து உருவாக்கியது, இதே மாதிரிக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை வரைக்கும் கூட்டிப்போகும், முடிக்காதவருக்குச் சான்றிதழ் கிடையாது. விண்ணப்பிக்கும்போது பதிவேட்டை எண்ணுகிறவர் பெயரையும் கட்டுரையாளர் பட்டியலில் எழுதிவிடுங்கள்.