கோர்ட் விட்டவரைக் கொலைகாரன் என்று சொல்லலாமா?

கேள்வி:

வக்கீல் சார், களியக்காவிளையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கூடவே ஒரு வீடியோ சேனலும் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் கோயில் கொடை, சர்ச் திருவிழா என்றால் முதலில் புக் ஆகிற கானமேளா பாடகர் ஒருவர் மேல், தன் குழுவின் மேனேஜரையே கொன்றதாக வழக்கு. 4 வருடம் கேரளாவில் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா நான் வீடியோ போட்டேன். போன மாதம் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். அன்று ராத்திரியே ஆத்திரத்தில், "கோர்ட் விட்டாலும் இவன்தான் கொலைகாரன். சாட்சியை விலைக்கு வாங்கிட்டான். ஜட்ஜ் வீட்டுக்கும் பெட்டி போயிருக்கு" என்று பேசி ஒரு வீடியோ போட்டேன். அவரைக் கொலைகாரன் என்று சொன்னதற்கு 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் மன்னிப்பும் கேட்டு இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாள் கெடு.

அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்சன் கொலை வழக்கில் விடுதலையான பிறகும் அமெரிக்காவே அவரைக் கொலைகாரன் என்றுதானே பேசியது? நான் மட்டும் பேசக் கூடாதா? நான் தமிழ்நாட்டுக்காரன், கேரள கோர்ட் என்னைக் கூப்பிட முடியுமா? இன்னொன்று: இறந்த மேனேஜரின் அம்மா ரீசார்ஜ் செய்ய என் கடைக்கு வருவார். "மேல்கோர்ட்டுக்குப் போகலாமா மக்களே?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

பதில்:

நோட்டீஸைப் படிப்பதற்கு முன் நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன், தம்பி. 11 நிமிடம். முதல் ஆறு நிமிடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சாட்சிகள் பிறழ்சாட்சி ஆனதைச் சொல்கிறீர்கள். மகஜரில் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவில்) எழுதிய நேரமும் போலீஸ் எடுத்த போட்டோவில் இருக்கிற நேரமும் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். அரசுத் தரப்பு ஏன் இன்னாரை விசாரிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதுவரை எந்த வக்கீலும் உங்களை அசைத்திருக்க முடியாது. ஏழாவது நிமிடத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து விரலை நீட்டுகிறீர்கள் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பம்.

மூன்று வாக்கியம் பேசியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்படுவது முதல் வாக்கியத்துக்கு. எனக்கு வயிற்றைக் கலக்குவது மூன்றாவது.

"ஜட்ஜ் வீட்டுக்குப் பெட்டி போயிருக்கு." இதைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரி இல்லை. பாடகரின் வக்கீலுக்கு அது தேவையுமில்லை. ஆனால் 1971-ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கீழ்க்கோர்ட் நீதிபதி மேல் இப்படிப் பழி போட்டால் நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு. யாரும் மனுப்போடாமல் ஹைகோர்ட் தானாகவே எடுக்கலாம்; கீழ்க்கோர்ட் எழுதி அனுப்பியும் எடுக்கலாம்; அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் மனுப்போட்டும் எடுக்கலாம். தண்டனை ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சின்னதுதான். அதற்காகக் கேரள ஹைகோர்ட் இருக்கிற கொச்சி வரை போய்க் கைகட்டி நிற்கிற நாட்கள் சின்னதல்ல. இந்த நடவடிக்கைக்கு ஒரு வருடக் கெடு இருக்கிறது. அந்த ஒரு வருடம் போன மாதம்தான் தொடங்கியிருக்கிறது.

அதே சட்டத்தின் 5-வது பிரிவையும் சொல்லவேண்டும். முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பே ஆகாது. "இந்தத் தீர்ப்பு தப்பு, இன்ன சாட்சியத்தை ஜட்ஜ் சரியாக எடைபோடவில்லை" என்று நீங்கள் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிக்கூடச் சொல்லலாம் (மைக்குக்கு அனுமதி வாங்கவேண்டும், அது வேறு கதை). காசு வாங்கினார் என்பது விமர்சனமல்ல, குற்றச்சாட்டு. ஆதாரம் எங்கே என்று கேட்டால் சாயாக்கடையில் கேட்டேன் என்றா சொல்வீர்கள்?

இனி முதல் வாக்கியம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 இரண்டும் சேர்ந்ததுதான். இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இந்தப் பிரிவில் பல விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, முடிந்த வழக்கின் தன்மையையும் அதில் சாட்சி சொன்னவர்களின் நடத்தையையும் பற்றி நல்லெண்ணத்தில் சொல்லும் கருத்து. சட்டமே இதற்கு உதாரணமும் கொடுத்திருக்கிறது. "அந்த ஆள் கூண்டில் சொன்னது முன்னுக்குப்பின் முரண், அவன் முட்டாளாகவோ பொய்யனாகவோதான் இருக்கவேண்டும்" என்றால் விதிவிலக்கில் வரும். "அவன் எப்போதுமே பொய்யன் என்று எனக்குத் தெரியும், அதனால் நம்பமாட்டேன்" என்றால் வராது. முதலாவது கோர்ட்டில் நடந்ததைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது, இரண்டாவது ஆளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. உங்கள் ஆறு நிமிடம் முதல் வகை. ஏழாவது நிமிடம் இரண்டாவது வகை.

நல்லெண்ணம் என்றால் மனதில் கள்ளம் இல்லை என்பது மட்டுமல்ல. போதிய கவனத்தோடு செய்யாத எதையும் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்காது. நீங்கள் வீடியோ போட்டது தீர்ப்பு வந்த அன்று ராத்திரி. தீர்ப்பைப் படித்தீர்களா? வீடியோவில் அதிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"நான் சொன்னது உண்மை" என்றும் வாதாடலாம். பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. ஆனால் நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில். போலீஸும் தடயவியல் லேபும் அரசு வக்கீலும் சேர்ந்து 4 வருடத்தில் நிரூபிக்க முடியாததை, சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு வந்து நீங்கள் நிரூபிக்கவேண்டும். "சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்தானே விட்டார்கள், நிரபராதி என்று சொல்லவில்லையே" என்று நீங்கள் நோட்டீஸின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அவரைக் கொலைகாரன் என்று அழைக்க அது லைசென்ஸ் ஆகாது. சாட்சியை விலைக்கு வாங்கினான் என்றது பாடகரோடு நிற்கவில்லை, அந்தச் சாட்சிகளும் தனித்தனியாக வழக்குப் போடலாம்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் கதை இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்தியவர். கைதானவர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் உண்டு. 1945 மே மாதம் ஜூரிகள் 6-க்கு 3 என்று பிரிந்து, பெரும்பான்மையில் குற்றவாளி என்றார்கள், ஆயுள் தண்டனை. அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. கொன்றது யார் என்பது இன்றுவரை வாக்குவாதம்தான். என் தாத்தா வீட்டுத் திண்ணையில் கலைவாணர் கட்சி ஒன்று, "நெருப்பில்லாமல் புகையுமா" கட்சி ஒன்று. நான் சட்டம் படிக்கப் போன காலத்திலும் அந்தத் திண்ணையில் அப்பீல் நடந்துகொண்டுதான் இருந்தது. 1945-இல் குற்றவாளி என்றதும் கோர்ட்தான், 1947-இல் இல்லை என்றதும் கோர்ட்தான். கலைவாணர் திரும்பி வந்து மறுபடி நடித்து ஜனங்களைச் சிரிக்கவைத்தார். பாகவதருக்குப் பழைய சந்தை திரும்பவேயில்லை.

ஜனங்களுக்கு இதில் இருக்கிற ருசியை நான் குறை சொல்லமாட்டேன். சந்தையில் டேப் மேளம் அடித்து, நடந்த கொலைகளைக் கொலைச்சிந்து என்று பாட்டாகப் பாடி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் புத்தகம் விற்ற ஆட்களின் வாரிசுதான் நீங்கள். சிவப்பு அம்புக்குறியும் தீப்பிடித்த எழுத்தும்தான் புதுசு. சிந்துக்காரர் அடுத்த சந்தைக்குப் போய்விடுவார், பாட்டும் காற்றோடு போய்விடும். உங்கள் வீடியோ தேதியோடும் நேரத்தோடும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

சிம்சனைப் பற்றிக் கேட்டீர்கள். 1994 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய முன்னாள் மனைவியும் அந்தப் பெண்ணின் நண்பர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1995 அக்டோபர் 3 அன்று ஜூரி அவரைக் குற்றவாளியல்ல என்றது. பல மாதம் நடந்த விசாரணைக்கு ஜூரி எடுத்துக்கொண்டது நான்கு மணி நேரம்கூட இல்லை. அதன்பிறகும் ஜனங்கள் வாய் கூசாமல் பேசியதற்கு இரண்டு காரணம். ஒன்று, பிரபலமானவர்கள் அங்கே அவதூறு வழக்கில் ஜெயிக்க, பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் சொன்னார் என்று நிரூபிக்கவேண்டும்; 1964-இல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் அரசுப் பதவியில் இருப்பவர்களுக்கு வைத்து, 1967-இல் மற்றப் பிரபலங்களுக்கும் நீட்டிய அளவுகோல் அது. இங்கே அப்படி இல்லை. நம் சுப்ரீம் கோர்ட் 2016-இல் கிரிமினல் அவதூறு சட்டம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. இரண்டு, இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கில் 1997 பிப்ரவரியில் வேறொரு ஜூரி, அந்தச் சாவுகளுக்கு சிம்சன்தான் பொறுப்பு என்று சொல்லி, மொத்தம் 3 கோடியே 35 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும். சிவிலில் எந்தப் பக்கம் கனம் கூடுதலோ அந்தப் பக்கம். கிரிமினல் வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொல்லாத சிம்சன் சிவிலில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. உங்கள் பாடகருக்கு எதிராக எந்த சிவில் தீர்ப்பும் இல்லை.

நோட்டீஸுக்கு வருவோம். 50 லட்சத்தைப் பார்த்துத் தூக்கம் கெடவேண்டாம். நோட்டீஸில் எத்தனை சைபர் போடவும் காசு ஆகாது. வழக்காகப் போட்டால் கேட்கிற தொகைக்கு ஏற்ப அவர் கோர்ட் கட்டணம் கட்டவேண்டும்; பல நோட்டீஸ்கள் அந்தப் படியிலேயே இளைத்துப்போகும். சிவில் வழக்குக்கு அவருக்கு ஒரு வருடம், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. போலீஸ் வாரண்ட் இல்லாமல் உங்களைப் பிடிக்க முடியாது; இது ஜாமீனில் விடக்கூடிய, அவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கவேண்டிய குற்றம். புதிய நடைமுறைச் சட்டத்தில் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் புகாரைக் கோப்பில் எடுக்கவே முடியாது. உங்கள் வீடு அந்த மாஜிஸ்திரேட்டின் எல்லைக்கு வெளியே இருப்பதால், சம்மன் அனுப்புமுன் ஒரு விசாரணையும் நடத்தியாகவேண்டும்.

தமிழ்நாட்டுக்காரன் என்பதால் கிடைக்கிற பாதுகாப்பு அவ்வளவுதான். கலைவாணர் காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர், சென்னை வேறு ராஜ்ஜியம். இன்றைக்கு செக்போஸ்ட் தாண்டினால் பேச்சு மாறும், சட்டம் மாறாது. வீடியோவைப் பாறசாலையிலும் அமரவிளையிலும் பார்த்திருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் வழக்குப் போடத் தடையில்லை. மலையாளம் புரியாது என்றால் சாட்சியத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

இன்றைக்கே வீடியோவை எடுத்துவிடுங்கள். அழிக்கவேண்டாம், யாரும் பார்க்க முடியாதபடி வைத்து, முழுப் பிரதியையும் அதன் கீழ் வந்த கமென்ட்களையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் பேசிய முதல் ஆறு நிமிடம் பிறகு உங்களுக்கே சாட்சி. கெடு முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் போடவேண்டும். "வார்த்தை தடித்துவிட்டது, அதை நீக்கிவிட்டேன், வருந்துகிறேன்" என்பது வேறு, "அவதூறு செய்தேன், மன்னியுங்கள்" என்பது வேறு. அவர்கள் டைப் அடித்து அனுப்பியிருக்கிற மன்னிப்புக் கடிதம் இரண்டாவது ரகம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவதூறு இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம், கானமேளா சீசன் தொடங்கும்போது பாடகருக்கும் கோர்ட் வாசல் பிடிக்காது. எடுத்துவிட்டேன் என்பதற்கு இன்னொரு வீடியோ போடுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

அந்த அம்மாவின் கேள்விதான் எல்லாவற்றையும்விட அவசரம். ரசிகரோ ஊர்க்காரரோ அப்பீல் போக முடியாது. அவர் போகலாம். இறந்தவரின் சட்டபூர்வ வாரிசு சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர். விடுதலையை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போக முன் அனுமதிகூடத் தேவையில்லை என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அரசு அப்பீல் போக 90 நாள். அரசு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், அதே 90 நாளை மனதில் வைத்து அவரும் கிளம்பவேண்டும். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். திருவனந்தபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும்.

சிம்சன் வழக்கில் நடந்ததுபோல சிவிலில் நஷ்டஈடு கேட்க இங்கே 1855-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. பெற்றோருக்கும் அதில் உரிமை இருக்கிறது. ஆனால் மரணம் நடந்த நாளிலிருந்து இரண்டே வருடம். கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே அந்த வாசல் அடைந்துபோனது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாய்தாவுக்கு வாய்தா போட்ட வீடியோக்களில் ஒன்றிலாவது இதைச் சொல்லியிருக்கலாம். ஒன்று மிச்சமிருக்கிறது: வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுத் திட்டத்தில் உதவி கொடுக்கும்படி விசாரணை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். தீர்ப்பில் அப்படி ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்த முறை அவர் ரீசார்ஜுக்கு வரும்போது, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டாரா என்று கேளுங்கள். நகலுக்கு மனுப் போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் அதிலேயே முத்திரையாக இருக்கும். இடைப்பட்ட நாட்கள் அப்பீல் கெடுவில் கணக்கில் வராது. நகல் கைக்கு வந்ததும் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு குழித்துறைக்கு வாருங்கள். அதற்குள் தீர்ப்பை நீங்களும் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள்.