டீச்சரைக் கேளுங்கள்: ஒரே சுவருக்கு மூன்று தடவை பெயிண்ட்

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். வெளிநாட்டு இளைஞர்கள் நான்கு பேரை மூன்று வாரத்துக்கு அனுப்புவதாக ஒரு தொண்டு அமைப்பு கேட்டிருக்கிறது. கமிட்டியில் பாதிப்பேர் 'வரட்டும்' என்கிறார்கள். மீதிப்பேர் 'வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், நமக்கு என்ன லாபம்?' என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: செயலாளர் ஐயா, இரண்டு தரப்பும் சொல்வது நடக்கிற கதைதான். இரண்டையும் நான் பார்த்துவிட்டேன்.

முதலில் வேண்டாம் என்பவர்கள் பக்கம். நான் வேலை பார்த்த ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மூன்று வருடம் தொடர்ந்து இப்படிக் குழு வந்தது. ஆட்கள் வேறு, நாடு வேறு, வேலை மட்டும் ஒன்றே: சிற்றுண்டிச்சாலைச் சுவருக்குப் பெயிண்ட். முதல் வருடம் மயில். அடுத்த வருடம் மயிலை அழித்து உலக வரைபடம். அதற்கடுத்த வருடம் வரைபடத்தின் மேல் பட்டாம்பூச்சி. பெயிண்ட் வாங்கிய காசு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினுடையது. இருபது அடி தள்ளிப் பையன்களின் கழிவறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. விருந்தாளியைக் கூட்டிப்போய்க் கழிவறையைக் காட்டுவதா என்ற கூச்சம்தான்.

இனி வரட்டும் என்பவர்கள் பக்கம். இன்னொரு வருடம் கொரியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். விடுமுறை முகாமில் சமையல் நாள். கையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியாமல் திருதிருவென விழித்தாள். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், "லேடல், டீச்சர்" என்றாள். அந்தப் பெண் இடுப்புப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சல்லடை, துடைப்பம், தேங்காய்த் துருவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை கொரியாப் பெண்ணின் பின்னாலேயே திரிந்தாள். ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒரு பெரிய ஆளை அந்தப் பிள்ளை அதற்குமுன் பார்த்ததே இல்லை. நாங்கள் தடுமாறியிருந்தாலும் காட்டிக்கொண்டிருக்க மாட்டோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1962 முதல் 1983 வரை 'பீஸ் கோர்' எனும் அமெரிக்க அரசாங்கத் தொண்டு அமைப்பான அமைதிப் படையின் தொண்டர்கள் நம் மலேசியாவுக்கு வந்தார்கள், மொத்தம் 4,000 பேருக்கு மேல். நிறையப் பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையான நான், ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் நடுவில் வருகிற புகுமுக வகுப்பை முடித்து 1971இல் இரண்டாம் படிவத்தில் இருந்தபோது எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் அப்படி வந்த ஒருவர். மூன்று வாரமல்ல, இரண்டு வருடம் இருந்தார். மலாய் பேசுவார், சைக்கிளில் திரிவார், ரப்பரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. "உன் அப்பா வெட்டுகிற பாலுக்கு எப்படிக் காசு கணக்குப் பண்ணுகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கும் தெரியாது! அப்பாவிடம் கேட்டு, ஸ்டோரில் பாலை எடை போடுவதையும், அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் தேறும் என்று பார்ப்பதையும் வந்து சொன்னேன். அந்த வாரம் முழுக்கக் கரும்பலகையில் எங்கள் தோட்டத்துப் பால்தான் ஓடியது. அதற்கப்புறம் மாதாமாதம் அப்பாவின் சம்பளச் சீட்டை நான்தான் கூட்டிப் பார்ப்பேன். அந்தச் சீட்டோடு நானும் அப்பாவும் இரண்டு தடவை தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்னால் போய் நின்றிருக்கிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரச் சொல்லுங்கள். ஆனால் என்ன வேலை என்பதை அந்த அமைப்பு எழுதக் கூடாது, நீங்கள் எழுதுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு இருந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். உங்கள் சனிக்கிழமை ஆசிரியர் வகுப்பில் இருக்கட்டும், வருகிறவர்கள் அவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒருநாள் பிள்ளைகளிடம் இருபது வெள்ளியைக் கொடுத்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி, சாம்பாருக்குக் காய்கறி வாங்க அவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முருங்கைக்காயை அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பாடம் ஓடியிருக்கும்.

கணினி வேலை கொடுத்தால் நம் ஆள் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். ஒரு ஜெர்மன் பையன் எங்கள் நூலகப் புத்தகங்களையெல்லாம் அழகாகக் கணினியில் ஏற்றிவிட்டு விமானம் ஏறினான். கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது.

இந்த மாதிரித் தொண்டர்கள் பலர் கையிலிருந்து காசு கட்டித்தான் வருகிறார்கள். அதில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஜோர்ஜ்டவுன் ஹோட்டலில் போட்டுவிடாமல் உங்கள் தாமான் குடியிருப்பிலேயே அறை காலியாக இருக்கிற வீட்டில் தங்கவைத்தால் அந்தக் காசு அந்த வீட்டு அம்மாவுக்குப் போகும். எந்த அனுமதியில் வருகிறார்கள், அதில் இந்த வேலை செய்யலாமா என்று குடிநுழைவுத் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் பெற்றோரைக் கேட்டுவிட்டு.

கேள்வி: அகதிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு மையத்தில் என் மகள் வாரம் ஒருநாள் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே வெளிநாட்டுத் தொண்டர்கள் மாதத்துக்கு ஒருவராக மாறுகிறார்கள். இதனால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா?
வாசகி, கோலாலம்பூர்

பதில்: நம் நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. மியன்மார்ப் பிள்ளையானாலும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளையானாலும் இப்படிப்பட்ட மையம்தான் பள்ளிக்கூடம். ஆள் கிடைப்பதே பெரிது, அதனால் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாதம் ஒருவர் என்றால் வருடத்தில் பன்னிரண்டு தடவை 'என் பெயர், என் ஊர்' பாடம் நடக்கும். மகளிடம் சொல்லி வகுப்பில் தடிமனான ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் பாடம் நிற்கிறது, எந்தப் பிள்ளை கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் முழிக்கிறது என்று போகிறவர் எழுத வேண்டும். வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைய வேண்டும். அப்புறம், அந்த 'என் ஊர்' பாடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ஊரைவிட்டு ஓடிவந்த பிள்ளையிடம் மாதாமாதம் அதைக் கேட்பானேன்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஜப்பானியத் தொண்டர்கள் இரண்டு பேர் தங்கப்போகிறார்கள். என்ன சமைப்பது என்றே புரியவில்லை.
குடும்பத்தலைவி, பாயான் லெப்பாஸ்

பதில்: தினம் சமைப்பதையே சமையுங்கள் அம்மா. முதல் இரண்டு நாள் மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சின்ன வெங்காயம் உரிக்க அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுங்கள்.