புள்ளி போடாத பாடசாலையில் படிக்கும் பிள்ளை

அன்புள்ள தம்பி,

ஊரில் இருந்திருந்தால் மகள் இந்த வருடம், பெரிய பாடசாலைகளுக்குப் போக ஐந்தாம் வகுப்பில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதியிருப்பாள் என்றும், ஒஸ்லோப் பாடசாலையோ புள்ளியும் போடுவதில்லை, "எத்தனையாம் பிள்ளை" என்றும் சொல்வதில்லை என்றும், இப்படியிருக்கப் பிள்ளை முன்னேறுகிறாளா என்பதை எப்படி அறிவது, யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே பிள்ளை வளர்த்த எங்களில் அநேகர் இதே கேள்வியோடுதான் தொடங்கினோம்.

நோர்வேயில் ஆறு வயதில் முதலாம் வகுப்புத் தொடங்குகிறது. ஏழாம் வகுப்பு முடியும் வரை புள்ளிகள் கிடையா. எட்டாம் வகுப்பிலிருந்துதான் 1 முதல் 6 வரை புள்ளியிடுவார்கள், அதில் 6 உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் தேசியச் சோதனை நடப்பது உண்மைதான் என்றாலும், அதற்கு வெட்டுப்புள்ளியும் இல்லை, அதைக் காட்டிப் பெரிய பாடசாலைக்கு மாறும் வழியும் இல்லை; எந்தப் பிள்ளைக்கு எதில் உதவி தேவை என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்கே அது பயன்படுகிறது. மேல்நிலைப் பாடசாலைக்கான அனுமதியில் கணக்கில் எடுப்பது பத்தாம் வகுப்புப் புள்ளிகளை. ஆகவே புள்ளிக்கான காலம் இங்கும் வரத்தான் போகிறது, கொஞ்சம் பிந்தி வருகிறது.

அதுவரை உங்களுக்குக் கிடைப்பது அரையாண்டுக்கு ஒருமுறை வகுப்பாசிரியருடன் நடக்கும் உரையாடல். மகள் யாருடன் விளையாடுகிறாள், தனியே நிற்கும் பிள்ளையைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாளா, வகுப்பில் தயங்காமல் வாய் திறக்கிறாளா என்று ஆசிரியர் பேசத் தொடங்குவார். நம்மவர்களில் பலர் இதையெல்லாம் உபசார வார்த்தை என்று பொறுமையாகக் கேட்டு முடித்து, பிறகு "கணக்கில் எப்படி?" என்று கேட்பார்கள். கணக்கைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் முன்னர் சொன்னவற்றையும் ஊருக்குச் சொல்லத்தக்க செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நீங்கள் பதில் தேடுவதைவிட, தொலைபேசியை மகளிடம் கொடுத்து, அன்று பாடசாலையில் நடந்ததை அப்பம்மாவுக்கு அவளையே தமிழில் சொல்லவைப்பது நல்லது என்பது என் எண்ணம். பரீட்சையும் பெறுபேறும் இல்லாமல் மனம் ஆறாது என்றால் நம் பிள்ளைகள் தமிழ் படிக்கும் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் இருக்கிறது; ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த போட்டி முழுவதையும் அங்கே இறக்கிவைத்துவிடாதீர்கள்.

பிள்ளையைக் கண்ணால் பார்த்து அறிவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை இந்த நாடு தாராளமாகத் தருகிறது. மாலை நான்கு மணியோடு அலுவலகங்கள் வெறிச்சோடுவதையும், பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருப்பதையும் கண்டு, இங்கு வந்த புதிதில் சலித்துக்கொள்ளாதவர் குறைவு. உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் இரண்டு வேலை பார்த்த எங்கள் தலைமுறையில் பலருக்கு ஞாயிறு என்பது நித்திரை கொள்ளும் நாள். உங்களுக்கு ஒரு வேலைதான் என்பதால், நிலக்கீழ் ரயிலின் ஐந்தாம் இலக்கத் தடத்தில் கடைசி நிறுத்தமான சொங்ஸ்வான் ஏரிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பாதை இருக்கிறது. குடுவையில் சூடான கொக்கோவும், பாணுக்குள் பாற்கட்டி வைத்துக் கட்டிய பொட்டலமும் போதும். காட்டில் நெருப்பு மூட்டி சொசேஜ் சுடுவது பிள்ளைகளுக்குப் பெரும் விருப்பம், ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் நெருப்பு மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு போனால், விழுந்து எழும்பும் தகப்பனுக்கு முழங்காலை எப்படி மடக்குவது என்று பிள்ளை சொல்லித்தருவதையும் கேட்கலாம். பனியைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு என் மகன் அப்படிச் சொல்லித்தந்தபோது வந்த பெருமை, பிற்பாடு அவன் கொண்டுவந்த எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் வரவில்லை.

மே 17ஆம் திகதிக்கு இப்போதே விடுப்புக் கேட்க வேண்டியதில்லை, 1814இல் அரசியலமைப்பு உருவான நாளாகையால் அது பொது விடுமுறை. பாடசாலை பாடசாலையாகப் பிள்ளைகள் கொடியோடும் வாத்தியத்தோடும் அரண்மனை முன்றலைக் கடந்து போவார்கள். அரச குடும்பத்தினர் மாடத்தில் நின்று கையசைப்பார்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் இல்லாத அந்த ஊர்வலத்தில், தெருவோரம் நிற்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவதைப் பார்ப்பீர்கள், நீங்களும் கத்துங்கள். பிற்பகலில் பாடசாலை முற்றத்தில் விளையாட்டும் ஐஸ்கிறீமும் இருக்கும், அதற்கான வேலைகளைப் பெற்றோர் முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தப் பட்டியல் வந்ததும் தயங்காமல் பெயரைக் கொடுத்து, ரோல்ஸ் செய்து கொண்டுவருவதாக எழுதிவிடுங்கள். மகளின் தோழிகளுடைய பெற்றோரோடு கதைக்கத் தொடங்குவதற்கு அதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியவில்லை. உறைப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.