அடம்பிடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்து: உணவு ஆலோசகரின் கேள்வி பதில்

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் சாப்பாடு பற்றி வந்த கேள்விகளில் இரும்புச்சத்து தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 7 மில்லிகிராம் தேவை. உடம்பின் அளவோடு பார்த்தால் இது பெரிய தொகை.

என் மகளுக்கு ஒன்றரை வயது. சாப்பாட்டைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கிறாள். பாலில் எல்லாச் சத்தும் இருக்கிறதே மேடம், போதாதா?

போதாதும்மா. நீங்கள் முதலில் கைவைக்க வேண்டியதே பாலில்தான். பசும்பாலில் இரும்பு மிகமிகக் குறைவு. ஒரு லிட்டர் முழுவதும் குடித்தாலும் அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் தேறும். அதோடு பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கின்றன. சில குழந்தைகளுக்கு அளவுக்கு மீறிய பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவுகூட ஏற்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு பாலால் நிறைந்திருக்கும்போது பசி எங்கிருந்து வரும்? அவள் சாப்பாட்டை வெறுக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அவளுக்குப் பசியே இருப்பதில்லை.

ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். பாட்டிலை நிறுத்திவிட்டு டம்ளரில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பால் வேண்டாம். இரவில் தூக்கத்தில் குடிக்கும் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதல் சில நாட்கள் அழுவாள், உங்களுக்கும் மனசு கேட்காது. ஆனால் நான் பார்த்தவரை, வேறு எந்த மாற்றத்தையும்விட இது ஒன்றுதான் அதிகப் பலன் தருகிறது.

தினமும் பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் மூன்றும் கொடுக்கிறோம். அப்படியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே?

மூன்றும் நல்ல உணவுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இரும்புக்காக இவற்றை நம்ப வேண்டாம். பேரீச்சையில் 100 கிராமுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம். பீட்ரூட்டில் அதைவிடக் குறைவு, மாதுளையில் இன்னும் குறைவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை எத்தனையோ வீடுகளில் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடுகிறது. எனக்கு அதுதான் கவலை. வேகவைத்த பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் 100 கிராமுக்கு 3 மில்லிகிராம் வரை இருக்கிறது. ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

நாங்கள் சைவம். அசைவம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் கவனம் வேண்டும். இறைச்சி, மீனில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். பயறு, தானியம், கீரையில் உள்ளது அவ்வளவு சுலபத்தில் சேராது. கீரையில் இரும்பு இருந்தாலும் அதிலேயே இருக்கும் வேறு பொருட்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதற்கு மாற்று வைட்டமின் சி. பருப்பில் கடைசியாக எலுமிச்சை பிழியுங்கள், தக்காளி சேருங்கள், சாப்பாட்டோடு இரண்டு சுளை ஆரஞ்சோ ஒரு துண்டு கொய்யாவோ கொடுங்கள். அதே வேளையில் சாப்பிட்டால்தான் பலன். பயறை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். இரும்பு சேர்த்த குழந்தை உணவுகளும் நல்ல வழிதான். டீ மட்டும் வேண்டாம், ஒரு வாய்கூட.

அப்புறம் ஒன்று: முழுப் பருப்புகள், கொட்டைகள் தொண்டையில் சிக்கும். பாதாம், வேர்க்கடலையை அரைத்தே கொடுங்கள். கொண்டைக்கடலையையும் மசித்துவிடுங்கள்.

கோழிக்கறி கொடுத்தால் மென்று மென்று துப்பிவிடுகிறான். விட்டுவிடலாமா?

நார் நாராக இருப்பது பிடிக்காமல் இருக்கலாம். கடைவாய்ப் பல் முழுதாக வராத வயதில் இது சகஜம். கொத்தி மென்மையாக வேகவைத்து, மசித்த உருளைக்கிழங்கிலோ பருப்பிலோ கலந்து பாருங்கள். கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் இரும்பு அதிகம். இரண்டு ஸ்பூன் கறி சேர்ந்தாலே அதே தட்டில் உள்ள பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். ஈரலில் இரும்பு ஏராளம், ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் சிறிதளவு போதும்.

போனைக் காட்டி, வாயைத் திறக்க வைத்து ஊட்டுவது தவறா?

அன்றைக்கு நாலு வாய் உள்ளே போகும். ஆனால் பசியை உணர்ந்து சாப்பிடும் பழக்கம் வராது. என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பதைக் குழந்தையிடமே விடுங்கள். புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகே தொடும் குழந்தைகள் நிறைய உண்டு. இரண்டு தடவை துப்பியதும் ‘பிடிக்காது’ என்று முடிவு கட்டாதீர்கள். பிடித்த உணவு ஒன்றின் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள்.

இரண்டு வயதுப் பையன் மண், சுவர்ச் சுண்ணாம்பு எல்லாம் தின்கிறான். கீரை அதிகம் கொடுத்தால் சரியாகுமா?

இதில் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். இரும்புக் குறைபாட்டில் இப்படி வருவதுண்டு. உதடு, கண்ணிமையின் உட்புறம் வெளுப்பது, சோர்வு, சிடுசிடுப்பு இவையும் சேர்ந்திருக்கலாம். ஹீமோகுளோபினோடு, உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையிருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தசோகைக்கு, பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தாலசீமியா போன்ற வேறு காரணங்களும் உண்டு. அதனால் பரிசோதனை இல்லாமல் நீங்களாக மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ரத்தசோகை வந்துவிட்டால் உணவு மட்டும் பெரும்பாலும் போதாது.

இரும்புச் சட்டியில் சமைத்தால்?

நல்லது. தக்காளி போன்ற புளிப்பு சேரும்போது இரும்பு அதிகம் இறங்கும். ஆனால் எவ்வளவு என்று கணக்கு வைக்க முடியாது.

இரும்புச் சொட்டு மருந்து ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது. பல்லிலும் கறை. நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம். கறுப்பு மலம் மருந்தால் வருவது, பயமில்லை. தார் போலப் பிசுபிசுவென்றோ ரத்தத்தோடோ போனால் மட்டும் உடனே காட்டுங்கள். பல் கறை தற்காலிகமானது. சொட்டை நாக்கின் பின்பக்கம் விட்டு, தண்ணீர் கொடுத்துப் பல் தேய்த்துவிடுங்கள். பாலோடு கொடுக்காமல் ஆரஞ்சுச் சாறோடு கொடுக்கலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும், கையிருப்பு நிரம்புவதற்காகச் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். அதைப் பாதியில் விடாதீர்கள். பாட்டிலைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இரும்பு மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.