கயிறு போட்டு அளந்த காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஆர்டர் விஷயமாக சியோல் போய் வந்தேன். 1960-களின் தொடக்கத்தில் தென்கொரியாவும் கானாவும் வருமானத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன என்று படித்திருக்கிறேன். இன்று பாருங்கள்! சிக்கனமும் கட்டுப்பாடும் கொரியர்களின் ரத்தத்திலேயே இருக்கின்றன. பண்பாடு சரியில்லாத நாட்டுக்கு எத்தனை கோடி கொட்டினாலும் வீண்தானே? என் அப்பா 4 ஏக்கரை விற்றுத்தான் பனியன் மிஷின் போட்டார். உழைப்பின் அருமை தெரிந்தவன் என்பதால் கேட்கிறேன்.

– திருப்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த ஒப்பீடு அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 2000-இல் எழுதிப் பரவலானது. வித்தியாசத்தில் பண்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்றார் அவர். அதில் எனக்கு உறுத்துவது கொரியா அல்ல, கானா.

1890-களில், அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட அந்த நாட்டின் அக்வாபிம் மலைக்காரர்கள் மேற்கே இறங்கி, அக்கிம் பகுதித் தலைவர்களிடம் காட்டை விலைக்கு வாங்கினார்கள். பனை எண்ணெயும் ரப்பரும் விற்றுச் சேர்த்த காசு. கொக்கோ காய்க்கச் சில வருடம் பொறுக்க வேண்டும். பொறுத்தார்கள், வந்த லாபத்தில் இன்னும் காடு வாங்கினார்கள். 1911-இல் உலகிலேயே அதிகம் கொக்கோ விளைவித்த நாடு அது. ஐந்தாண்டுத் திட்டமெல்லாம் கிடையாது.

பாலி ஹில் என்ற ஆய்வாளர் பின்னாளில் ஊர் ஊராகப் போய் இதைத் தோண்டி எடுத்தார். அப்பா சொத்து மகனுக்குப் போகும் மக்கள்தாய முறைக்காரர்கள், உறவே இல்லாதவர்களோடுகூடக் கூட்டுச் சேர்ந்து வாங்கி, அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்ற அகலத்தில் கயிறு போட்டு அளந்து நீளத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மகன்களுக்குப் பங்கு வைக்க அது வசதி. தாய்வழியில் சொத்து போகும் மருமக்கள்தாயக்காரர்களோ குடும்ப நிலமாக வாங்கினார்கள். வரைபடத்தில் முன்னது கோடு கோடாகத் தெரியும், பின்னது ஒட்டுப்போட்ட துணி மாதிரி. பண்பாடு செய்த வேலை இது. நிலத்தின் வடிவத்தை மாற்றியது. முதல் போடுவதிலும் லாபம் பார்ப்பதிலும் இரண்டு கூட்டத்தாரும் சளைக்கவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? 1947-இல் கொக்கோ வாரியம் வந்தது. விவசாயி அதற்குத்தான் விற்க வேண்டும், விலை அது சொல்வதுதான். வெளிநாட்டில் விற்ற விலைக்கும் விவசாயி கையில் வந்ததற்கும் இடையிலான பணம் அரசுக்கு. விடுதலைக்குப் பிறகும் அதே கதை. 1964-65-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், 1983-84-இல் 2 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. இடையில் எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்கு மூட்டை மூட்டையாகக் கடத்தினார்கள். சோம்பேறி கடத்த மாட்டான்.

கொரியாவுக்கு வருகிறேன். சீன ஞானி கன்பூசியஸ் வழிவந்த மரபிலிருந்து முதலாளித்துவம் முளைக்காது என்று எழுதினார் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். கொரியா எழுந்ததும் அதே கன்பூசியம்தான் காரணம் என்றார்கள். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் கொரியக் கம்பெனிகள் கவிழ்ந்தபோது, அதே குடும்பப் பிடிப்பும் விசுவாசமும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. பலன் நடந்த பிறகு ஜாதகம் எழுதுகிற ஜோசியம் இது. 1950 நிலச் சீர்திருத்தம் பற்றிப் பண்பாட்டைக் காரணம் சொல்பவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழரை ஏக்கர்தான். குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரன் ஆனான், ஜமீன்தார் ஆட்டம் முடிந்தது.

சரி, பண்பாடு ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. யாரை நம்பிப் பணம் கொடுப்பது, யாரைக் கூட்டுச் சேர்ப்பது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. திருப்பூரில் இருக்கும் உங்களுக்கு இது எனக்கு மேல் தெரியும். அதனால் ஒரு கேள்வி. அப்பா அந்த 4 ஏக்கரை விற்கப் பட்டா இருந்தது, வாங்க ஆள் இருந்தது. யார் வாங்கினார்கள்? மிஷினுக்குக் குறைந்த பணத்தை யார் கடன் கொடுத்தார்கள், என்ன வட்டிக்கு? பழைய பத்திரம் வீட்டில் இருந்தால் பார்த்து எழுதுங்கள்.