இராவணன் வெட்டும் எட்டாவது பாட்டும்

அன்பின் ஐயா,

பாடசாலைப் பிள்ளைகளுக்காக 40 நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். தாய்க்காக இராவணன் கோணமலையை வெட்டிப் பெயர்க்க முயல்வது, தாய் இறப்பது, விடிகாலையில் கன்னியாவில் ஏழு ஊற்று உண்டாக்கி ஈமக்கடன் கழிப்பது என்று மூன்று காட்சி. மலைக் காட்சியில் சம்பந்தர் தேவாரம் ஒன்று முழுதாக, பிறகு கம்பர் பாட்டு ஒன்று, சாவுக் காட்சியில் ஒரு சினிமாப் பாட்டு மெட்டு. ஒத்திகை பார்த்தவர்கள் ‘ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு’ என்கிறார்கள். சாவுக் காட்சியில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறர் பாட்டை எடுக்கவே கூடாதா? எடுத்தால் மேடையில் சொல்ல வேண்டுமா?

ஒரு வாசகர், திருகோணமலை

அன்பின் வாசகருக்கு,

தாராளமாக எடுக்கலாம். நீங்கள் எடுத்த தேவாரமே இன்னொரு கதையை எடுத்தாள்வதுதான். திருக்கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டு ‘எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்’ என்று தொடங்குகிறது. எதை எடுத்தவன்? அந்த வரியில் மலையும் இல்லை, இராவணன் பெயரும் இல்லை. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு வழக்கமாக இராவணனுக்கு உரிய இடம். கயிலையைத் தூக்கிய அவனைச் சிவன் கால்விரலால் அழுத்திய கதை கேட்பவருக்குப் பழக்கமானதால் ‘எடுத்தவன்’, ‘விரல்’ என்ற இரண்டு சொல் போதும். ஆறாம் பாட்டில் மார்க்கண்டேயர் வெறும் ‘மாணி’, அதாவது பிரம்மச்சாரி.

கம்பரும் அப்படித்தான். போரில் தோற்று இலங்கைக்குள் நுழையும் இராவணனைப் பாடுகையில் ‘வரையினை எடுத்த தோளும்’ (வரை என்றால் மலை) என்று மூன்று சொல்லில் கயிலையைத் தொட்டுவிட்டு நாரதருக்கும் வாளுக்கும் போய்விடுகிறார். கயிலைக் கதை தெரியாதவருக்கும், மலையைத் தூக்கிய ஒருவன் வெறுங்கையோடு போகிறான் என்பது புரிகிறது. எடுத்தாளும்போது பார்க்க வேண்டியது இதுதான்: மூலம் தெரியாதவருக்கும் காட்சி நிற்க வேண்டும், தெரிந்தவருக்கு இன்னொரு கதவு திறக்க வேண்டும்.

உங்கள் பிரதியில் முழுப் பாட்டு வருகிறது. நிதானமாகப் பாடினால் ஒன்றரை நிமிடமாவது ஆகும். அத்தனை நேரமும் இராவணனாக நடிக்கும் பிள்ளை பாறையில் கைவைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. ஒட்டுத் தெரிவது அங்கேதான். முதல் அடியில் ‘விரலால்’ வரை மட்டும் போதும். மத்தளம் உச்சத்துக்கு ஏறட்டும், பிள்ளை தோளைக் கொடுத்து ஒரு தரம் உந்தட்டும், மத்தளம் சட்டென்று நிற்கட்டும். அந்த அமைதியில் பிற்பாட்டுக்காரர் ஒருவர் மட்டும் ‘எடுத்தவன் தருக்கை’ என்று எடுக்கட்டும். ‘விரலால்’ முடியும்போது பிள்ளையின் முழங்கால் மடங்க வேண்டும். தாளம் வேண்டாம்.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. தேவாரம் சொல்வது தருக்கு, அதாவது செருக்கு. உங்கள் இராவணன் தாய்ப்பாசத்தால் மலையில் கைவைக்கிறான். பாட்டு காட்சியோடு சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டை வேண்டுமென்றால் வைத்திருங்கள். எனக்கு அது பிடிக்கும்: பக்தர் கண்ணுக்குச் செருக்கு, மகன் மனதுக்குக் கடமை. அப்படியானால் அடுத்த வசனத்தில் தாயோ மகனோ அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எட்டாம் பாட்டை விட்டுவிட்டு, ‘குரைகடல் ஓத நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’ என்ற முதற்பாட்டின் கடைசி அடியை எடுங்கள். அது யாரையும் குற்றம் சொல்லாது.

இடமும் பொருளை மாற்றும். ‘வரை’ என்றதும் யாழ்ப்பாணத்து மண்டபத்தில் இருப்பவருக்குக் கயிலை தோன்றும். உங்கள் ஊராருக்குச் சுவாமி மலையும், கீழே கடல் அடிக்கும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும்தான் தோன்றும். தட்சிண கயிலாயம், அதாவது தென்கயிலை, என்ற கோணமலையின் பெயரை முதற்காட்சியில் ஒருமுறை கட்டியகாரன் (கூத்தில் அறிவிப்புச் சொல்பவன்) வாயில் போட்டுவிட்டால் இரண்டு மலையும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று, பண், அதாவது தேவாரத்தின் இராகம். இந்தப் பதிகத்தின் பண் புறநீர்மை. இன்று பூபாளத்தில் பாடுவது வழக்கம், அது விடியற்காலை இராகம். சாவு நடக்கும் இரவுக் காட்சிக்குள் அது கசிந்தால் சங்கீதம் தெரிந்தவர் காதுக்கு நேரம் பிசகும். கன்னியாக் காட்சிதான் அதற்கு வீடு. விடிகாலை, ஊற்று, நீராட்டு. மலையடியில் ஒலித்த மெட்டை அங்கே சொல்லில்லாமல் புல்லாங்குழலில் திரும்பக் கொண்டுவந்தால், உங்கள் நாடகம் தன்னையே எடுத்தாள்கிறது. புதிதாக ஒன்றும் தேட வேண்டாம்.

பிள்ளைகள் சிரிப்பது பிள்ளைகளின் குற்றமல்ல. சினிமா மெட்டு தனியே வராது, நடிகரின் முகத்தையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவது வரியில் சபை தானாக முணுமுணுக்கத் தொடங்கும், மேடையில் கிடக்கும் தாய் மறைந்துவிடுவாள். அந்த இடத்தில் நம் ஒப்பாரியை வையுங்கள். மெட்டை விட மனமில்லையென்றால் கட்டியகாரனுக்குக் கொடுங்கள். அரசன் காலத்திலும் நம் காலத்திலும் ஒரே நேரத்தில் நிற்கக் கூத்து மரபு அவனுக்கு மட்டும்தான் இடம் கொடுத்திருக்கிறது. சாவுக் காட்சிக்கு முன்பே அவன் பாடி முடித்துவிட வேண்டும்.

மேடையில் அறிவிக்க வேண்டாம், ஓட்டம் அறுந்துவிடும். நிகழ்ச்சித் தாளில் பதிகம், கம்பர், மெட்டின் இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பெயரோடு போடுங்கள்.

அடுத்த ஒத்திகைக்குத் தேவாரமே தெரியாத இரண்டு பிள்ளைகளையும், கோயிலில் ஓதுகிற ஒருவரையும் உட்கார வையுங்கள். பிள்ளைகளிடம் ‘ஏன் அவன் விழுந்தான்?’ என்று கேளுங்கள். ஓதுபவரிடம் ‘எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்?’ என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பதில் தெரியாவிட்டால் காட்சியைத் திருத்துங்கள், பாட்டைக் கூட்டாதீர்கள்.

அன்புடன்.